'உங்கள் பகுதியில் இந்தப் படம் கிடைக்காது': விழாப் படங்களை வீட்டிலிருந்து பார்ப்பது எப்படி?

கேள்வி: நன்னிலம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். கூட்டுறவு சங்கத்தில் வேலை. உலகத் திரைப்பட விழாக்களுக்குத் தேர்வாகும் சுயாதீனப் படங்களைப் பார்க்க ஆசை. சென்னை விழாவுக்குப் போவதென்றால் இரவு ரயில், லாட்ஜ், நாலு நாள் லீவு. நடக்கிற காரியம் இல்லை. போன தை மாதம் ஒரு வெளிநாட்டு விழாவின் தளத்தில் 12 யூரோ கொடுத்து டிக்கெட் வாங்கினேன். பிளே பட்டனை அழுத்தினால் 'உங்கள் பகுதியில் இந்தப் படம் கிடைக்காது' என்று வந்தது. வேறு நாட்டில் இருப்பது போலக் காட்டும் விபிஎன் போட்டுக்கொள் என்கிறான் தம்பி. டெலிகிராமில் எல்லாம் இருக்கிறது என்கிறார்கள் ஆபீஸில். நேர்மையான வழி ஏதாவது உண்டா? மாமியாரும் கூட உட்கார்ந்து பார்ப்பார், அவருக்கு ஆங்கிலம் தெரியாது. எங்கள் ஊர் நூலகத்தில் பத்துப் பேராகச் சேர்ந்து பார்க்கலாமா?

பதில்: உண்டு. ஆனால் முதலில் உங்களுடைய ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் எங்கே போனது என்று பார்த்துவிடுவோம். அது புரிந்தால் அடுத்த முறை போகாது.

ஓடிடிக்குச் சந்தா கட்டிப் பழகிய நாம் விழாவின் ஆன்லைன் பக்கத்தையும் இன்னொரு ஓடிடி என்றே நினைத்துக்கொள்கிறோம். அது அப்படி இல்லை, அது ஒரு காட்சி. தியேட்டர் காட்சிக்கு இருப்பது போலவே அதற்குத் தேதி உண்டு, நேரம் உண்டு, இத்தனை சீட் என்ற கணக்கும் உண்டு. வெனிஸ் விழா 2012இல் இணையத்தில் ஒரு சின்னப் பகுதியைத் திறந்தபோதே படத்துக்கு இவ்வளவு டிக்கெட்தான் என்று வரம்பு வைத்துவிட்டது. இணையத்தில் எதற்கு ஹவுஸ்ஃபுல் போர்டு என்று தோன்றும். காரணம் படத்தை விற்பவர் பக்கம் இருக்கிறது.

சுயாதீனப் படம் ஒன்று விழாவுக்கு வரும்போது பல நாடுகளில் அதை இன்னும் யாரும் வாங்கியிருக்க மாட்டார்கள். விற்பனை முகவர் அதை நாடு நாடாக விற்றுக்கொண்டிருப்பார்: பிரான்ஸ் ஒருவருக்கு, ஜப்பான் ஒருவருக்கு, இந்தியா வேறொருவருக்கு. ஒரே பண்ணையை வயல் வயலாகக் குத்தகைக்கு விடுவது நமக்குத் தெரியாததா? இந்தியா என்கிற வயலை இன்னும் யாரும் எடுக்கவில்லை என்றால், நல்ல விலை வரும்வரை முகவர் அதில் யாரையும் இறங்கவிட மாட்டார். யாராவது எடுத்துவிட்டார் என்றால் அவர் விடமாட்டார். இரண்டிலும் உங்களுக்குக் கிடைப்பது அந்த ஒற்றை வரிதான். இது போக 'முதல் திரையிடல்' என்ற கௌரவமும் நடுவில் நிற்கிறது. கோவாவோ மும்பையோ கேரளாவோ 'இந்தியாவில் முதன்முறையாக' என்று போட்டுக்கொள்ள விரும்பும். நன்னிலத்தில் ஒருவர் ஏற்கெனவே பார்த்துவிட்டார் என்றால் அந்த வரியில் ஓட்டை விழுந்துவிடும்.

அதனால்தான் அமெரிக்காவின் சன்டான்ஸ் விழா 2021இல் முதன்முறையாக ஆன்லைனுக்கு வந்தபோதும் முழுநீளப் படங்களை அமெரிக்காவுக்குள் மட்டும் காட்டியது. டொரண்டோ 2020இல் கனடாவோடு நிறுத்திக்கொண்டது. கான் விழாவோ பொதுமக்களுக்கு ஆன்லைன் டிக்கெட் விற்பதே இல்லை.

நம்மில் பலருக்கு ஆசை காட்டிவிட்டது 2020தான். அந்த ஊரடங்கில், மே 29 முதல் ஜூன் 7 வரை, 20க்கும் மேற்பட்ட விழாக்கள் சேர்ந்து யூடியூபிலேயே 'வி ஆர் ஒன்' என்று பத்து நாள் இலவச விழா நடத்தின. மும்பை விழா தன் பங்குக்கு அனுப்பியவற்றில், கோவையில் எடுத்து நெதர்லாந்தின் ராட்டர்டாம் விழாவில் பரிசு வாங்கிய 'நசீர்' படமும் இருந்தது. கும்பகோணத்தில் என் வீட்டு ஊஞ்சலில் உட்கார்ந்து போனில் பார்த்தேன். இனி எல்லாமே இப்படித்தான் என்று நம்பிவிட்டேன். தியேட்டர்கள் திறந்தன, பல விழாக்கள் ஆன்லைன் கடையைக் கட்டின, மிச்சமிருந்தவையும் வேலி போட்டுக்கொண்டன.

சரி, டிக்கெட் வாங்கும் முன் என்ன பார்க்க வேண்டும்? விழாவின் முகப்புப் பக்கத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அங்கே 'உலகம் முழுவதும்' என்று பெரிதாக இருக்கும். ஒவ்வொரு படத்துக்கும் தனிப் பக்கம் உண்டு. அதில் டிக்கெட் பட்டனுக்குக் கீழே, பொடி எழுத்தில், எந்தெந்த நாட்டில் கிடைக்கும் என்று போட்டிருப்பார்கள். அந்த வரியில் இந்தியா இல்லை என்றால் அங்கேயே திரும்பிவிடுங்கள். டிரெய்லர் ஓடுகிறதே என்று ஏமாற வேண்டாம். டிரெய்லர் விளம்பரம், எல்லா நாட்டிலும் ஓடும். மொத்தமாகப் பாஸ் வாங்குவதில்தான் ஆபத்து அதிகம். 40 படம் என்று சொல்லி விற்பார்கள், அதில் நம் நாட்டுக்குத் திறந்தவை ஆறோ ஏழோ இருக்கலாம். முதலில் ஒற்றை டிக்கெட் எடுங்கள்.

அடுத்தது நேரம். விழாத் தளங்களில் இரண்டு கடிகாரம் ஓடும். படத்தை இந்தத் தேதிக்குள் தொடங்க வேண்டும் என்பது ஒன்று. தொடங்கிய பிறகு இத்தனை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது இன்னொன்று, பெரும்பாலும் 24 அல்லது 48 மணி. இந்த இரண்டாவது கடிகாரத்திடம் நான் தோற்றிருக்கிறேன். ஒரு கார்த்திகை மாத வெள்ளிக்கிழமை சாயங்காலம், சவுண்டு வருகிறதா என்று பார்க்கப் பத்து விநாடி ஓடவிட்டு மூடினேன். ஞாயிற்றுக்கிழமை நிம்மதியாகப் பார்ப்பதாகத் திட்டம். சனிக்கிழமை சாயங்காலமே பக்கத்தைத் திறந்தால் 'உங்கள் அனுமதி முடிந்தது'. முறை வைத்துத் தண்ணீர் விடுகிறபோது, மடையைத் திறந்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தவன் கதைதான். சோதித்துப் பார்க்க வேண்டும் என்றால் பல தளங்களில் அதற்கென்றே ஒரு சோதனை வீடியோ வைத்திருக்கிறார்கள், அதை ஓட்டுங்கள். படத்தின் பிளே பட்டனில் கை வைக்காதீர்கள்.

நேரம் அந்த ஊர்க் கணக்கில் இருக்கும். தை மாதத்தில் நெதர்லாந்து, பிரான்ஸ், ஜெர்மனி எல்லாம் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால். கோடையில் மூன்றரை. அங்கே 25ஆம் தேதி இரவு 8 மணி என்றால் நமக்கு 26ஆம் தேதி பிறந்து அரை மணி ஆகியிருக்கும். குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் ஓடும் காட்சி என்றால் இதைத் தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. தப்பான நாளுக்கு லீவு போட்டவர்களை எனக்குத் தெரியும்.

இந்தியாவுக்குத் திறந்திருப்பவை எவை என்று கேட்பீர்கள். நான் தமிழ் மாதக் கணக்கிலேயே வைத்திருக்கிறேன், சாகுபடி வேலையோடு சேர்த்து ஞாபகம் இருப்பதற்கு வசதி. பொங்கல் முடிந்து சம்பா அறுவடை நடக்கும் தை, மாசியில் 'மை பிரெஞ்ச் ஃபிலிம் ஃபெஸ்டிவல்'. பிரெஞ்சு சினிமாவை வெளிநாடுகளில் பரப்பும் யூனிஃபிரான்ஸ் அமைப்பு 2011இலிருந்து ஆன்லைனிலேயே நடத்தும் விழா இது. தியேட்டர் விழாவின் மிச்சத்தை இணையத்தில் போடுவதல்ல, பிறந்ததே இணையத்தில்தான். அதனால் வேலித் தொல்லை குறைவு, குறும்படங்களுக்குப் பெரும்பாலும் கட்டணமும் இல்லை. நீங்கள் தொடங்க வேண்டிய இடம் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

ஐப்பசியில் தர்மசாலா. இமயமலை அடிவாரத்தில் 2012இலிருந்து நடக்கும் சுயாதீனப் பட விழா, 2020இல் முழுக்க ஆன்லைனுக்கு வந்தது. 2022இல் மலையில் நேரடி விழா முடிந்த கையோடு ஒரு வாரம் ஆன்லைனிலும் காட்டினார்கள். இந்திய விழா என்பதால் இந்திய உரிமையைக் கேட்டே வாங்கியிருப்பார்கள், நம் வங்கிக் கார்டும் முரண்டு பிடிக்காது. ஆண்டுக்கு ஆண்டு ஏற்பாடு மாறும், அக்டோபர் கடைசியில் அவர்கள் தளத்தை ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

ஜப்பான் ஃபவுண்டேஷன் தன் ஆன்லைன் விழாவை 2022 பிப்ரவரியில் இந்தியா உட்பட 25 நாடுகளுக்கு இலவசமாகத் திறந்தது. மின்னஞ்சலைப் பதிவு செய்தால் போதும். இப்போது 'ஜேஎஃப்எஃப் தியேட்டர்' என்ற பெயரில் ஆண்டு முழுவதும் படங்களை மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். அப்புறம், தேதிக் கெடுபிடியே இல்லாத இடங்களும் உண்டு. கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் தன் தளத்தில் ஆயிரக்கணக்கான ஆவணப்படங்களையும் அனிமேஷன் படங்களையும் சும்மாவே பார்க்க விட்டிருக்கிறது. டெல்லியின் பப்ளிக் சர்வீஸ் பிராட்காஸ்டிங் டிரஸ்ட் தயாரித்த ஆவணப்படங்கள் யூடியூபில் இருக்கின்றன. கேரள அரசு 2024 மார்ச்சில் தொடங்கிய 'சி ஸ்பேஸ்' ஓடிடியில் சந்தா கிடையாது. பார்க்கிற படத்துக்கு மட்டும் காசு, தொடங்கியபோது ஒரு முழுநீளப் படத்துக்கு 75 ரூபாய். அந்தக் காசில் பாதி தயாரிப்பாளருக்குப் போகும் என்று அறிவித்தார்கள். நம் பக்கம் இப்படி ஒன்று வந்தால் நான் முதல் ஆளாகக் காசு கட்டுவேன்.

இவ்வளவு சொன்னாலும் என் உண்மையான யோசனை வேறு. விழாவை விட்டுவிட்டுப் படத்தைத் துரத்துங்கள். 'கூழாங்கல்' என்ற தமிழ்ப் படம் 2021 பிப்ரவரியில் ராட்டர்டாமில் முதல் பரிசான புலி விருதை வாங்கியது. அன்றைக்கே பார்த்துவிட வேண்டும் என்று தவித்தவர்களில் நானும் ஒருவன். அது சோனி லிவ்வில் வந்தது 2023 அக்டோபர் கடைசியில். இரண்டே முக்கால் வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. நடுவில் ஆஸ்கருக்கு இந்தியாவின் சார்பில் போய்விட்டு வந்தது. விழாப் படத்தின் பயணம் பெரும்பாலும் இந்த வேகம்தான். காத்திருப்பதில் கேவலம் ஒன்றும் இல்லை. மறந்துபோவதுதான் நஷ்டம். அதற்கு நான் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறேன். விழாப் பட்டியல் வந்ததும் பிடித்த படத்தின் பெயரை அதன் சொந்த மொழியில் எப்படி எழுதுகிறார்களோ அப்படியே ஆங்கில எழுத்தில் ஒரு பத்தி, இயக்குநர் பெயர் ஒரு பத்தி, விற்பனை முகவர் பெயர் ஒரு பத்தி. ஆங்கிலத் தலைப்பை மட்டும் எழுதி வைத்தால் மாட்டிக்கொள்வீர்கள், அது நாட்டுக்கு நாடு மாறும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை 'ஜஸ்ட்வாட்ச்' தளத்தில் நாட்டை இந்தியா என்று வைத்து அந்தப் பெயர்களைத் தேடுவேன். முபி, சோனி லிவ், பிரைம் என்று எங்கே வந்திருந்தாலும் ஓரளவு காட்டிவிடும். முபிக்கு ஆண்டு முழுக்கச் சந்தா கட்ட வேண்டியதும் இல்லை. நோட்டில் இருக்கும் படங்கள் நாலைந்து அங்கே சேர்ந்த பிறகு ஒரு மாதத்துக்குக் கட்டினால் போதும்.

இனி வீட்டுக்குள் வருவோம். நாலு விஷயம் கெடுக்கும்: டேட்டா, கரண்ட், டிவி, கார்டு.

எச்டி தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரை போகும். இரண்டு மணி நேரப் படம் என்றால் 6 ஜிபி. தினம் ஒன்றரை ஜிபி ரீசார்ஜில் அது இடைவேளை வரைக்கும்கூடத் தாங்காது. பிளேயரின் ஓரத்தில் பல்சக்கரம் போல ஒரு குறி இருக்கும். அதை அழுத்தி 480 என்று வைத்தால் மணிக்கு ஏறக்குறைய 1 ஜிபிக்குள் அடங்கும். இன்னொரு தந்திரம், பல பேக்குகளில் கணக்கு இரவு 12 மணிக்குப் புதிதாகும். பதினொன்றுக்கு ஆரம்பித்தால் முன்பாதி இன்றைய கணக்கில், பின்பாதி நாளைய கணக்கில். பத்தரைக்கு மேல் ஊரில் எல்லோரும் ரீல்ஸை மூடிவிடுவதால் வேகமும் கொஞ்சம் கூடும்.

தர்மசாலா, கோவா, சென்னை, திருவனந்தபுரம் என்று நம் பக்கத்து விழாக்கள் எல்லாம் ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் வருகின்றன. நம் அடைமழையும் அப்போதுதான். இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று தைரியமாக இருப்போம். ஆனால் மின்விசிறியும் லைட்டும் அதில் ஓடும், ஃபைபர் மோடம் வேறு பிளக்கில் இருக்கும். மோடத்தை இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றுங்கள். அப்படியும் தெருவில் இருக்கும் கேபிள்காரர் பெட்டிக்குக் கரண்ட் இல்லை என்றால் நெட் வராது, அதற்குப் போன் ஹாட்ஸ்பாட். மழை பலமாக இருக்கும் வாரத்தில் கடைசி நாள் வரை தள்ளிப்போடாமல், அனுமதி திறந்த முதல் இரவே பார்த்துவிடுவது உத்தமம்.

டிவியில் போடும்போது சத்தம் வந்து படம் கறுப்பாக இருந்தால் டிவி ரிப்பேர் என்று நினைக்காதீர்கள். விழாத் தளங்கள் திருட்டுக்குப் பயந்து படத்தைப் பூட்டி அனுப்புகின்றன. போனிலிருந்து காஸ்ட் செய்தாலோ, பழைய டிவிக்கு விஜிஏ கன்வெர்ட்டர் வழியாகக் கொடுத்தாலோ, பின்னணியில் ஸ்கிரீன் ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருந்தாலோ பூட்டு பல நேரம் திறக்காது. லேப்டாப்பில் குரோம் உலாவி, அங்கிருந்து டிவிக்கு நேராக எச்டிஎம்ஐ கேபிள். இதில்தான் எனக்குக் குறைந்த தலைவலி.

கார்டு விஷயத்தில் ரிசர்வ் வங்கி 2020 அக்டோபரிலிருந்து வைத்திருக்கும் விதி ஒன்று உண்டு: புதிதாகக் கொடுக்கும் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை மூடியே வரும், நாம்தான் திறக்க வேண்டும். வங்கி ஆப்பில் கார்டு அமைப்புக்குப் போய்த் திறங்கள், தொகை வரம்பைக் குறைவாக வையுங்கள், டிக்கெட் வாங்கியதும் மூடிவிடுங்கள். யுபிஐயை வெளிநாட்டு விழாத் தளங்கள் ஏற்பது அரிது, ரூபே கார்டும் பல இடங்களில் திரும்பி வந்துவிடும். விசா அல்லது மாஸ்டர் கார்டு கைவசம் இருக்கட்டும். யூரோ விலையை ரூபாயாக்கும்போது வங்கி தன் மாற்றுக் கட்டணத்தையும் அதற்கு ஜிஎஸ்டியையும் சேர்த்துக்கொள்ளும். 100 ரூபாய்க்கு மூன்று, நாலு ரூபாய் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பி சொன்ன விபிஎன். இந்தியாவில் விபிஎன் பயன்படுத்துவதே குற்றம் என்று இல்லை. ஆனால் விழாவின் நிபந்தனையில் 'இந்த நாட்டுக்குள் இருந்துதான் பார்ப்பேன்' என்று டிக் அடித்துவிட்டுத்தான் டிக்கெட் வாங்குகிறீர்கள். பல தளங்கள் விபிஎன் முகவரிகளைக் கண்டுபிடித்து மூடிவிடுகின்றன, சில இடங்களில் கார்டு எந்த நாட்டுடையது என்றும் பார்க்கிறார்கள். மாட்டினால் டிக்கெட் போச்சு, பணம் கேட்க வாயும் இருக்காது. டெலிகிராமைப் பற்றி ஒரு வார்த்தைதான்: பெரிய படம் என்றால் தயாரிப்பாளர் பிழைத்துக்கொள்வார். நாலு பேர் நகையை அடகு வைத்து எடுத்த படத்துக்கு விலை பேசுவதே 'இது இன்னும் வெளியே போகவில்லை' என்ற ஒரே பலத்தில்தான். அது டெலிகிராமில் வந்த அன்றைக்கே வாங்க வந்தவர் விலையைக் குறைப்பார்.

மாமியாருக்கு என்ன செய்வது? தமிழ் சப்டைட்டில் வெளிநாட்டு விழாப் படங்களில் அநேகமாகக் கிடையாது. எங்கள் வீட்டில் அம்மாவுக்கு நான் செய்வது இது: வசனம் குறைந்த படமாகத் தேர்ந்தெடுப்பேன், விழாப் படங்களில் அதற்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு வரியையும் மொழிபெயர்க்க மாட்டேன். காட்சி மாறும்போது ஒரு நிமிடம் நிறுத்தி, 'இவன் கடன்காரன், அண்ணனுக்குத் தெரியாமல் நிலத்தை விற்க வந்திருக்கிறான்' என்று இரண்டு வாக்கியம். அவ்வளவுதான். திருச்சியில் ரயில்வே வேலையை விட்டுவிட்டு 1905இல் சாமிக்கண்ணு வின்சென்ட் ஊர் ஊராகப் படம் காட்டக் கிளம்பினார். அந்த மௌனப்பட காலத்தில் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்ல ஆள் இருந்தது. அந்த வேலை உங்களுக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாமியார் இடையில் கேள்வி கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள். 48 மணி நேர அனுமதியில் நிறுத்தி நிறுத்திப் பார்க்கத் தாராளமாக இடம் உண்டு.

நூலகத்தில் பத்துப் பேர் என்பது வேறு கணக்கு. நீங்கள் வாங்கும் டிக்கெட்டும் ஓடிடி சந்தாவும் வீட்டுக்கு மட்டும். கட்டணம் வாங்காவிட்டாலும் பொது இடத்தில் காட்டினால் அது திரையிடல், அனுமதி வேண்டும். ஆனால் அனுமதி கேட்பது நீங்கள் நினைப்பதைவிடச் சுலபம். தமிழில் ஆவணப்படமும் சுயாதீனப் படமும் எடுப்பவர்கள் பலர் இயக்குநரும் தயாரிப்பாளரும் தாங்களேயாக இருப்பார்கள். எந்த ஊர், எத்தனை பேர், என்ன தேதி, என்ன கொடுக்க முடியும் என்று நாலு வரியில் எழுதுங்கள். நான் எழுதியவர்களில் பாதிப் பேர் பதில் போட்டார்கள், ஒருவர் விமியோ என்ற வீடியோ தளத்தில் பாஸ்வேர்டு போட்ட லிங்கையே அனுப்பி, முடிந்தபின் வீடியோ காலில் பேசவும் வந்தார். சிறு தொகையாவது கொடுங்கள், பெட்ரோல் காசாவது ஆகட்டும். நீளமான வெளிநாட்டுப் படத்தைவிட நூலகத்துக்கு இதுதான் எடுபடும், மொழிபெயர்ப்புத் தொல்லையும் இல்லை.

கடைசியாக அந்த 12 யூரோ. படம் ஒரு விநாடிகூட ஓடவில்லை என்றால் கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை. டிக்கெட் எண், வாங்கிய தேதி, அந்த ஒற்றை வரி தெரிகிற ஸ்கிரீன்ஷாட், மூன்றையும் வைத்து விழாவின் டிக்கெட் உதவி முகவரிக்கு மரியாதையாக ஒரு மின்னஞ்சல் போடுங்கள். விழா முடிந்து மாதங்கள் ஆகிவிட்டதால் உறுதி சொல்ல மாட்டேன். என்னுடைய ஒரு டிக்கெட்டுக்குப் பணம் வரவில்லை, அடுத்த ஆண்டுக்கான கூப்பன் வந்தது. அதை வைத்து என்ன பார்க்கலாம் என்று தேடியதில், இந்தியாவுக்குத் திறந்திருந்தது ஒரே ஒரு குறும்படம். பதினோரு நிமிடம். நல்ல படம்.